எந்த ஊர்க் காசு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயமுத்தூர் உக்கடம் பக்கம் போனால், சாக்கு விரித்துப் பழைய சாமான் விற்பவர்களைக் காணலாம். துருப்பிடித்த பூட்டுகளுக்கு நடுவே, யுத்த காலத்தில் 1943-ல் வெளிவந்த ஓட்டைக் காலணா ஒன்று அகப்பட்டால் எனக்கு உண்டாகும் குதூகலத்தை நான் மறைக்கவில்லை. என் சண்டை அந்தக் குதூகலத்தோடு அல்ல, அதோடு நின்றுவிடுகிறவர்களோடுதான்.

காசு சேர்க்கும் அன்பர்கள் வாங்கிய விலையைச் சொல்வார்கள். இன்றைய விலையையும் சொல்வார்கள். "எந்த ஊரில் கிடைத்தது?" என்றால் மட்டும் உதட்டைப் பிதுக்குவார்கள்.

நொய்யல் கரையிலுள்ள வெள்ளலூரில் 1842-ல் 500-க்கு மேற்பட்ட ரோமாபுரி வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் சக்கரவர்த்திகளின் முகம் பொறித்தவை. உருக்கியிருந்தால் சில ஜோடிக் கொலுசு தேறியிருக்கும். யாரோ புண்ணியவான் ஊர்ப் பெயரை எழுதி வைத்ததனால் அல்லவா, கடல் கடந்து வந்த வாணிபம் நம் கொங்கு நாட்டுக்குள் நுழைந்த தடம் தெரிகிறது? பத்து ரூபாய்க்கு மேல் பெறும் புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. சட்டம் இருந்து என்ன? கேட்கிற வாய் வேண்டாமா?

நானும் யோக்கியனல்ல. அதே சாக்கில் ஒரு சின்னச் செப்புக் காசை வாங்கி, புளி போட்டுத் துலக்கினேன். பாசியோடு எழுத்தும் போயிற்று. ஒரு மாதம் கழித்துத்தான் புத்தி வந்து, ஊரைக் கேட்கப் போனேன்.

"அன்னைக்கே கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்க. இப்ப மறந்து போச்சுங்களே!" என்றார் கடைக்காரர்.

காசு என் மேஜைமேல் பளபளக்கிறது, ஊமையாக.