சனி இரவு ஊசியும் ஞாயிறு ஆராதனையும்



நம் சபையின் சகோதரி ஒருவர் சில மாதங்களாக ஞாயிறு காலை ஆராதனைக்கு ஒழுங்காய் வருவதில்லை. பின்வாங்கிப்போனாரோ என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள். நானும் அவரிடம் சற்றுக் கடுமையாகவே விசாரித்தேன். அவர் சொன்ன பதிலை, அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன்.

அவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மேலுறையைத் தாக்குகிற நோய் அது. அத்தாக்குதல்கள் குறையும்படி வாரம் ஒருமுறை இன்டர்ஃபெரான் பீட்டா ஊசி போட்டுக்கொள்கிறார். இன்டர்ஃபெரான் என்பது, வைரஸ் நுழையும்போது நம் உடல் தானாகவே சுரக்கும் ஒரு புரதம். ஆகவே ஊசி போட்ட சில மணி நேரத்தில், கிருமி ஒன்றும் இல்லாதிருந்தும், ஃப்ளூ கண்டதுபோல் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் தலைவலியும் கைகால் குடைச்சலும் வந்துவிடுகின்றன. உடற்சூடு ஏறும்போது கால் தளர்ச்சி, பார்வை மங்கல் போன்ற பழைய அறிகுறிகளும் தற்காலிகமாய்த் தலைகாட்டும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் எல்லாம் தணிந்துவிடும். வேலைக்குப் போகிற அவருக்கு அந்த ஒரு நாள் ஞாயிறுதான். ஆதலால் சனி இரவில் ஊசி. நாம் பின்வாங்குதல் என்று பேசியது இதைத்தான்.

அவர் சொன்ன மற்றொன்று என்னை அதிகமாய் வருத்திற்று. ஊசிக்கு முன் காய்ச்சல் மாத்திரை போடுவது அவிசுவாசம் என்று நம்மில் ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். அவரும் மாத்திரையை விட்டார். நடுக்கம் தாளாமல் இரண்டு வாரம் ஊசியையே விட்டுவிட்டார்.

அன்பானவர்களே, இது தவறான போதனை. எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் 15 ஆண்டுகள் கூட்டித் தருவதாகக் கர்த்தர் வாக்களித்த செய்தியைக் கொண்டுவந்த ஏசாயாவே, பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைக்கவும் சொன்னார். வாக்குத்தத்தம் கிடைத்தபின் பற்று எதற்கு என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது அவர் மருத்துவர் சொன்னபடி ஊசிக்கு முன்னும், தேவையானால் பின்னும், பாராசிட்டமால் எடுக்கிறார். இந்த ஊசி கல்லீரலையும் பாதிக்கக்கூடும். எனவே மாத்திரை சொன்ன அளவை மிஞ்சலாகாது, இரத்தப் பரிசோதனையும் தவறலாகாது. தண்ணீர் நிறையக் குடித்து, படுக்கப்போகும் நேரத்தில் ஊசியைப் போட்டுக்கொள்கிறார். கடுமை உறக்கத்திலேயே பாதி கழிந்துவிடுகிறதாம். பலருக்குச் சில மாதங்களில் இத்தொல்லை குறைந்துவிடுவதும் உண்டு. குறையாவிட்டால் மருந்தை மாற்றுவதா என்பதை அவரும் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். அதில் நமக்கு வேலையில்லை.

நமக்குள்ள வேலை வேறு. ஞாயிறு காலையில் அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க வீட்டில் ஆளில்லை. முறைவைத்துச் செல்ல மனமுள்ள சகோதரிகள் என்னிடம் பெயர் கொடுங்கள். வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு அவர் இல்லத்தில் திருவிருந்தும் சிறு ஜெபமும் நடைபெறும். அதற்குள் காய்ச்சல் விட்டிருக்கும் என்கிறார். விடாதிருந்தால் வாசலில் நின்று ஜெபித்துத் திரும்புவோம். தலைவலி இருக்கும்; கைத்தாளம் வேண்டாம், பாட்டை மெதுவாய்ப் பாடுவோம்.