ஓட்டு வந்தது, ஜனநாயகம் வந்ததா?

2005 ஜனவரி 30ந் தேதி ஈராக் மக்கள் ஓட்டுச் சாவடிகளின் முன் வரிசையில் நின்றார்கள். குண்டு வெடிக்கும் என்ற பயம் இருந்தது. பல இடங்களில் வெடிக்கவும் செய்தது. அப்படியிருந்தும் சுமார் 85 லட்சம் பேர் ஓட்டளித்தார்கள். மை தோய்ந்த விரலை உயர்த்திக் காட்டியபடி வெளியே வந்த தாய்மார்களை உலகமே பார்த்தது. அந்த மக்களின் தீரத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் அன்று பெட்டியில் விழுந்த ஓட்டுகள் எங்கே போய்ச் சேர்ந்தன? இருபது ஆண்டுகள் கழிந்துவிட்ட இன்று இந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்.

முதலில் ஒரு பொய்யை அகற்றுவோம். அந்தத் தேர்தல் அமெரிக்கா ஈராக்குக்கு அளித்த வெகுமதி என்கிறார்கள். இது உண்மையல்ல. 2003ல் படையெடுத்து நாட்டைப் பிடித்த அமெரிக்க நிர்வாகம் உடனடித் தேர்தலை விரும்பவில்லை. மாகாணந்தோறும் பொறுக்கியெடுத்த ஆட்களைக் கூட்டி ஒரு சபையை அமைக்கவே அது திட்டமிட்டது. அரசியல் சட்டத்தை எழுதுபவர்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2003 ஜூனில் அறிவித்தவர் நஜப் நகரத்து ஷியா மதகுரு அயதுல்லா அலி சிஸ்தானி. 2004 ஜனவரியில் பல்லாயிரம் மக்கள் பாக்தாத் வீதிகளில் தேர்தல் கேட்டு ஊர்வலம் போனார்கள். ஏகாதிபத்தியம் இறங்கி வந்தது. ஆகவே, மத நம்பிக்கையுள்ள மக்கள் ஜனநாயகத்துக்கு விரோதிகள் என்பது இன்னொரு பொய். ஓட்டுரிமையைக் கேட்டு வாங்கியவர்களே அவர்கள்தான்.

அப்படியானால் கோளாறு எங்கே ஆரம்பித்தது?

தேர்தலுக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. 2003 ஜூலையில் ஆக்கிரமிப்பு நிர்வாகம் 25 பேர் கொண்ட ஆளும் சபையை நியமித்தது. ஷியாக்கள் 13, சன்னி அரபுகள் 5, குர்துகள் 5, துருக்மானியர் 1, கிறிஸ்தவர் 1. உன் கொள்கை என்ன என்று யாரையும் கேட்கவில்லை. நீ எந்தப் பிரிவு என்றே கணக்கிட்டார்கள். ஈராக் கம்யூனிஸ்ட் கட்சியின் செயலாளர் ஹமீது மஜீது மூசாவும் அதில் இடம்பெற்றார். அவரையும் ஷியா கணக்கிலேயே எழுதிக்கொண்டார்கள்! அந்தச் சபையில் போய் உட்கார்ந்தது சரியா என்று அன்றே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தவறான பேரேட்டில் பெயரைப் பதிந்துகொண்ட பிறகு அந்தப் பேரேட்டை மாற்றுவது எளிதல்ல.

இந்தப் பேரேட்டின் மீதுதான் தேர்தல் நடந்தது. நாடு முழுவதும் ஒரே தொகுதி. ஓட்டு வேட்பாளருக்கு அல்ல, பட்டியலுக்கு. ஷியா மதக் கட்சிகளின் கூட்டணிக்கு 169 என்ற எண். அதன் சுவரொட்டிகளில் சிஸ்தானியின் படம். 275 இடங்களில் 140 அதற்குக் கிடைத்தது. குர்து கூட்டணிக்கு 75. கம்யூனிஸ்டுகளின் பட்டியலுக்கு வெறும் 2. இரண்டு மாதங்களுக்கு முன் பலூஜா நகரம் அமெரிக்கத் தாக்குதலில் தரைமட்டமாகியிருந்தது. அது இருக்கும் அன்பார் மாகாணத்தில் நூற்றுக்கு 2 பேரே ஓட்டளித்தார்கள்.

மக்கள் ஏன் மதக் கட்சிகளிடம் போனார்கள்? அறியாமை என்று சொல்லிவிடுவது சோம்பேறித்தனம். சதாம் உசேன் சர்வாதிகாரம் கட்சிகளை நசுக்கியது, சங்கங்களை அழித்தது, கம்யூனிஸ்டுகளைக் கொன்று குவித்தது. அடித்து நொறுக்க முடியாமல் மிஞ்சி நின்ற ஸ்தாபனம் மசூதி ஒன்றுதான். பிறகு ஆக்கிரமிப்பாளர்கள் வந்து சேனையைக் கலைத்தார்கள், லட்சக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். பாதுகாப்பும் பிழைப்பும் இல்லாத மனிதன் தன் பிரிவின் நிழலில் ஒதுங்கினான். அந்த நிழலை மதக் கட்சிகள் ஓட்டாக அறுவடை செய்தன.

அறுவடையை என்ன செய்தார்கள்? பங்கு போட்டுக்கொண்டார்கள். பிரதமர் பதவி ஷியாவுக்கு, ஜனாதிபதி பதவி குர்துக்கு, சபாநாயகர் பதவி சன்னிக்கு என்பது வழக்கமாகிவிட்டது. மந்திரி இலாகாக்களும் உத்தியோகங்களும் இதே வழியில் பங்கிடப்பட்டன. இதற்கு அந்நாட்டு மக்கள் வைத்த பெயர் 'முஹாசசா', அதாவது பங்கீடு. 2006 பிப்ரவரியில் சமர்ரா நகரத்து ஷியா புனிதத் தலத்தில் குண்டு வெடித்த பின் பிரிவுச் சண்டை பெருகி, பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது.

தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? அரசுத் துறைத் தொழிலாளர் சங்கம் வைக்கக் கூடாது என்று 1987ல் சதாம் சட்டம் போட்டார். சதாமின் சிலையைக் கவிழ்த்தவர்கள் இந்தச் சட்டத்தைக் கவிழ்க்கவில்லை! தேர்தலில் வந்த அரசாங்கம் 2005 ஆகஸ்டிலேயே சங்கங்களின் நிதியைத் தன் பிடிக்குள் கொண்டுவர ஆணை பிறப்பித்தது. 2007 ஜூனில் பாஸ்ரா எண்ணெய்க் குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, நூரி அல்-மாலிகி அரசாங்கம் தலைவர்கள் மீது வாரண்டு பிறப்பித்துப் படையை அனுப்பியது. ஷியா தொழிலாளி மீது ஷியா கட்சி அரசாங்கம் படையை ஏவியது. பிரிவு ஒன்றுதான், வர்க்கம் வேறு!

பெண்களுக்கு? 1959ல் அப்துல் கரீம் காசிம் ஆட்சியில் 188ம் எண் குடும்பச் சட்டம் வந்தது. ஷியா, சன்னி இரு பிரிவுக்கும் ஒரே சட்டம்; திருமண வயது 18, நீதிபதியின் அனுமதி இருந்தால் அதற்குக் குறைவாகவும் இருக்கலாம்; பலதார மணத்துக்குக் கட்டுப்பாடு. அரபு நாடுகளிலேயே முதல் பெண் மந்திரியான கம்யூனிஸ்ட் நஸீஹா அல்-துலைமிக்கு அதன் ஆக்கத்தில் பங்கு உண்டு. இந்தச் சட்டத்தை ஒழிக்க 2003 டிசம்பரில் ஆளும் சபை ஒரு தீர்மானம் போட்டது. பெண்கள் வீதிக்கு வந்தார்கள். 2004 பிப்ரவரியில் தீர்மானம் வாபசாயிற்று. ஆனால் 2025 ஜனவரியில் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தி, மதப் பிரிவின் விதிப்படி குடும்ப விவகாரங்களைத் தீர்க்க வழி திறந்துவிட்டது. எப்படி நிறைவேற்றினார்கள் தெரியுமா? ஷியா கட்சிகள் கேட்ட இந்தத் திருத்தம், சன்னி கட்சிகள் கேட்ட பொது மன்னிப்பு, குர்து கட்சிகள் கேட்ட நிலச் சட்டம், மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். பெண்ணின் உரிமை அங்கே பேரச் சரக்கு.

நம்பிக்கைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. 2019 அக்டோபரில் பாக்தாத், நசிரியா, கர்பலா, பாஸ்ரா நகரங்களில் இளைஞர்கள் திரண்டார்கள். 169க்கு ஓட்டுப் போட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள். வேலை கேட்டார்கள், மின்சாரம் கேட்டார்கள், பங்கீட்டை ஒழித்து எங்களுக்கு ஒரு தாயகம் கொடு என்றார்கள். சுமார் 600 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த இரத்தத்தைக் கண்டு, பாராளுமன்றத்திலிருந்த இரண்டு கம்யூனிஸ்ட் உறுப்பினர்களும் ராஜினாமா செய்தார்கள். நவம்பர் இறுதியில் பிரதமர் அப்துல் மஹ்தி பதவி விலக நேர்ந்தது.

மதக் கட்சி தேர்தலில் நிற்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. தடையும் துப்பாக்கியும் ஜனநாயகத்தை வளர்க்காது என்பதற்கு சதாம் ஆட்சியே சாட்சி. ஜெயித்தவன் தலைப்பாகை கட்டியிருக்கிறானா என்பதல்ல நம் கேள்வி. தொழிலாளி சங்கம் வைக்க முடிகிறதா? பெண்ணுக்குப் பிரிவைத் தாண்டிய ஒரே சட்டம் உண்டா? ஓட்டால் ஆட்சியை மாற்ற முடிகிறதா, பங்கை மட்டும்தான் மாற்ற முடிகிறதா? இந்த மூன்றுக்கும் சாதகமான பதில் வரும் நாளில்தான் 2005ல் மை தோய்ந்த அந்த விரல்களுக்கு நியாயம் கிடைக்கும்.

பக்தனிடம் நமக்குப் பகையில்லை. அவன் பக்தியை முதலாக்கி வியாபாரம் செய்பவனிடம் சமரசமும் இல்லை. இந்த வேறுபாட்டை ஈராக் இளைஞர்கள் தங்கள் இரத்தத்தால் எழுதிக் காட்டிவிட்டார்கள். அதைப் படித்துணர்வது ஜனநாயகத்தில் பற்றுள்ள ஒவ்வொருவரின் கடமை.