நான்கு நாடுகள், ஒரே அளவுகோல்

விறகடுப்புப் புகை கருவிலுள்ள குழந்தையை என்ன செய்கிறது என்பதை ஒரே நாட்டில் ஆராய்ந்தால், கிடைக்கும் விடை அந்த நாட்டோடு நின்றுவிடலாம். அதனால்தான் ‘ஹேபின்’ ஆய்வு இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்தது. இங்கே விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் அதை நடத்தியது. பாதிப்பேருக்கு எரிவாயு அடுப்பும் சுமார் 18 மாதங்களுக்கு இலவச எரிவாயுவும் தரப்பட்டன. விறகைத் தொடர்ந்தவர்கள் சுவாசித்த காற்றில் நுண்துகள் கனமீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம்; எரிவாயுவுக்கு மாறியவர்களுக்கு 24. ஆனாலும் 2022இல் வெளியான முடிவில் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதற்கா இவ்வளவு செலவு என்று கேட்பவர்கள் உண்டு. நாட்டுக்கு ஒரு கருவி, ஊருக்கு ஒரு முறை என்று அளந்திருந்தால், அளவீட்டில்தான் பிழை என்று சொல்லி எவரும் இந்த முடிவை ஒதுக்கியிருக்கலாம். பொதுவான நெறிமுறையும், எதை அளப்பது என்று முன்கூட்டியே பதிவுசெய்த கட்டுப்பாடும் அந்த வழியை அடைத்துவிட்டன. பணம் அமெரிக்காவுடையது, உடல் நம் பெண்களுடையது என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ஹேபினின் இந்தியப் பகுதிக்கு ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமை ஆய்வாளராக இருந்தது ஒரு நல்ல தொடக்கம். ஆனால் தலைமையில் இடம் கிடைத்தால் மட்டும் போதாது. தரவின் மீதான உரிமையும், பங்கேற்ற பெண்களிடம் முடிவை அவர்கள் மொழியில் விளக்குவதற்கான நிதியும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.