குழாயில் பிறக்கும் எண்

ஆய்வுகூடம் அச்சடித்துத் தரும் எண்ணில் பிழை இராது என்ற நம்பிக்கை நம்மிடம் வேரோடிக் கிடக்கிறது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இரத்தம் கொடுத்து ரிப்போர்ட் வாங்கும் எவரும், அந்த எண் தம் இரத்தத்தில் அப்படியே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். சீனிக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் இது பெருமளவு பொருந்தும். அவற்றுக்கு உலகம் ஒப்புக்கொண்ட நியமங்கள் உண்டு. உடலிலுள்ள கொழுப்பு ஒட்சியேற்றத்தால் சிதைவதை அளக்கும் பரிசோதனைகளுக்கு இந்த நம்பிக்கை பொருந்தவே பொருந்தாது. ஆனால் அந்த எண் குறைந்ததைக் காட்டித்தான் எத்தனையோ மாத்திரைகளும் மூலிகைச் சாறுகளும் நம் தலையில் கட்டப்படுகின்றன.

பெரிதும் கையாளப்படும் முறை தயோபாபிற்றூரிக் அமிலப் பரிசோதனை. மாதிரியை அமிலத்தோடு சேர்த்து ஏறக்குறைய 95 பாகையில் சூடாக்குவார்கள். இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். அது 532 நனோமீற்றர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். சிதைந்த கொழுப்பிலிருந்து வரும் மலோண்டயல்டிகைட்டு மட்டுமே இந்த நிறத்தைத் தந்தால் வழக்கே இல்லை. ஆனால் வேறு அல்டிகைட்டுகளும் சில வெல்லங்களும் அதே அமிலத்தோடு தாக்கமுறும். மஞ்சட்காமாலைக்காரரின் பிலிரூபினும் அளவைக் குழப்பும். சூடாக்குவதே குழாயில் உள்ள சிதையாத கொழுப்பையும் சிதைக்கிறது. இரத்தத்தை உறையவிட்டுச் சீரம் எடுத்தால், உறையும்போது குருதிச் சிறுதட்டுகளே மலோண்டயல்டிகைட்டை உண்டாக்கிவிடும். ஊசி குத்தும்போது செங்குழியங்கள் உடைந்தால் வெளிவரும் இரும்பு சிதைவை மேலும் தூண்டும். கொழும்பின் நண்பகல் வெக்கையில் குளிர்பெட்டியில்லாமல் மோட்டார் சைக்கிளில் போகும் குழாய், ஆய்வுகூடத்தை எட்டுமுன்னரே வேறொரு மாதிரியாகிவிடுகிறது.

நோயாளிகள், நலமானோர் என இரு தரப்பையும் ஒரே முறையில் அளந்தால் பிழையும் இரு பக்கமும் சமமாகத்தானே இருக்கும் என்று ஆய்வாளர் சிலர் வாதிடுவார்கள். சமமாக இராது. நோயாளியின் இரத்தத்தில்தான் பல வேளை பிலிரூபினும் சீனியும் கூடியிருக்கும். பிழை நோயின் பக்கமே சாயும், அந்தச் சாய்வே கண்டுபிடிப்பாகப் பிரசுரமாகும். அப்படியானால் ஒட்சியேற்றச் சேதமே கட்டுக்கதையா என்றால், இல்லை. இலங்கையில் எத்தனையோ உயிர்களைக் குடித்து, 2008 முதல் 2011 வரை படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பரகுவாற் களைகொல்லி நுரையீரலை அழித்தது இந்த வழியில்தான். சேதம் உண்மை, அதற்குப் பிடித்த அளவுகோல்தான் கோணல்.

நம்பத்தக்க வழி இருக்கிறது. 1990இல் வான்டபில்ற் பல்கலைக்கழகத்தில் மொறோவும் றொபர்ட்ஸும் விவரித்த, கொழுப்பு ஒட்சியேறும்போது உண்டாகும் ஐசோபுரொஸ்டேன்களைத் திணிவு நிறமாலைமானியால் அளக்கலாம். அந்தக் கருவிக்கு அவ்வளவு விலை கொடுக்க ஏழை நாட்டால் முடியாது என்பது நியாயமான பேச்சு. ஆனால் கவனத்துக்கு அவ்வளவு விலை இல்லை: இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாய், உடனடிக் குளிரூட்டல், ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பீஎச்ரீ (BHT), மைனஸ் 80 பாகைச் சேமிப்பு, செங்குழியம் உடைந்த மாதிரியை நிராகரிக்கும் துணிவு. இவை இல்லாமல் மிக விலையுயர்ந்த கருவியும் பொய்யைத்தான் துல்லியமாக அளக்கும்.

எண் குறைந்தாலே உடல் தேறிவிடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. 2002இல் வெளியான பிரித்தானிய இதயப் பாதுகாப்பு ஆய்வில், 20,536 பேரில் பாதிப்பேர் ஐந்தாண்டுகள் ஒட்சியேற்றத் தடுப்பிகளான விற்றமின் ஈ, சீ, பீற்றா கரோட்டின் மாத்திரைகளை விழுங்கினார்கள். மாரடைப்பும் மரணமும் குறையவில்லை. ஆகவே இத்தகைய ரிப்போர்ட்டை நீட்டி யாராவது மாத்திரை விற்க வந்தால், எந்த முறையில் அளந்தீர்கள், மாதிரியை எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் காசைக் கொடுக்காதீர்கள்.