கத்தி கடைசியில் இருக்கட்டும்

கைகூப்பி வணக்கம் சொல்வது நம் பண்பாடு. அதன் அருமை என்னைப் போல் எத்தனை பேருக்குத் தெரியுமோ! தில்லிக்கு வேலைக்கு வந்த நாள் முதல், யார் கை குலுக்க வந்தாலும் நான் முந்திக்கொண்டு கைகூப்பி விடுவேன். பணிவு என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் என் உள்ளங்கை எப்போதும் ஈரம். கோப்பில் எழுதும்போது கைக்கு அடியில் மை ஒற்றும் தாளை வைத்தே முப்பது ஆண்டுகளை ஓட்டிவிட்டேன்.

அதே வியர்வை என் மகளுக்கும் வந்தது. விடைத்தாளில் கைக்குட்டை விரித்துத்தான் எழுதுவாள். வீணைத் தந்திகள் துருவேறின. வீணை மூலைக்குப் போயிற்று. "உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்" என்றார் ஊரிலிருந்து வந்த என் தாயார். சூடுதான் காரணம் என்றால், தில்லியின் தை மாதக் குளிரில், கம்பளிச் சட்டைக்குள் நடுங்கும்போதும் கை சொட்டுவானேன்?

வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டும் நரம்புகள் அளவுக்கு மீறி வேலை செய்வதுதான் காரணம். பெரும்பாலும் சிறுவயதில் தொடங்கும், பல குடும்பங்களில் பரம்பரையாக வரும், தூங்கும்போது நின்றுவிடும். தூக்கத்திலும் உடம்பு நனைந்தாலோ, திடீரென்று நடுவயதில் தொடங்கினாலோ, தைராய்டு முதலியவற்றைச் சோதிக்க வேண்டும். எப்படியானாலும் "பயந்தாங்கொள்ளி" என்று பிள்ளையைத் திட்டுவதில் பயனில்லை.

மகளை ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனோம். "மார்புக்குள் நரம்பைத் துண்டித்துவிட்டால் தீர்ந்தது" என்றார். "நாளைக்கு ஒருத்தன் கையிலே பிடிச்சுக் கொடுக்கணுமே, பண்ணிடலாம்டா" என்றார் தாயார். நானும் தலையாட்டியிருப்பேன். மகள்தான், "அப்பா, வேறு வழியே இல்லையா என்று கேட்டீர்களா?" என்றாள். கேட்கவில்லை என்பதே உண்மை.

பிறகுதான் விசாரித்தேன். அறுவை சிகிச்சையில் கை உலர்ந்துவிடும், பொய்யில்லை. ஆனால் பலருக்கு முதுகு, மார்பு, தொடையில் வியர்வை கூடிவிடுகிறது. துண்டித்த நரம்பைப் பழையபடி ஆக்க முடியும் என்று நம்பக்கூடாது. இந்தச் சிகிச்சை மிகுதியாக நடந்த தைவான் நாடு, 2004-இல் இருபது வயதுக்குட்பட்டவர்களுக்கு அதைத் தடை செய்தது.

ஆகவே என் கருத்து இதுதான். நிறுத்த முடிந்த வைத்தியங்களை முதலில் பார்ப்போம். திருப்ப முடியாததைக் கடைசியில் வைப்போம்.

முதற்படி, அலுமினியம் குளோரைடு கலந்த பூச்சு. இரவில் நன்றாக உலர்ந்த கையில் தடவி, காலையில் கழுவ வேண்டும். ஈரக் கையில் தடவினால் எரியும். கட்டுப்பட்டதும் வாரம் ஓரிரு முறை போதும்.

அடுத்தது அயன்டோபோரெசிஸ். தண்ணீர்த் தட்டுகளில் கைகளை வைத்து, இருபது முப்பது நிமிடம் மெல்லிய மின்சாரம் செலுத்துவார்கள். முதலில் வாரம் மூன்று முறை, பிறகு வாரம் ஒன்று. கர்ப்பிணிகளுக்கும் இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும் கூடாது. வீட்டில் பேட்டரியும் கம்பியும் வைத்துச் சொந்தமாகச் செய்து பார்க்க வேண்டாம்.

கிளைக்கோபைரோலேட் போன்ற மாத்திரைகளும் உண்டு. வாய் உலரும், மலச்சிக்கல் வரும். உடம்பெங்கும் வியர்வை குறைவதால் தில்லியின் மே மாத வெயிலில் ஆபத்து. மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது. போட்டாக்ஸ் ஊசி சில மாதங்கள் பலன் தரும். வலியும் செலவும் அதிகம்.

இவை எதற்கும் அடங்காமல் பிழைப்பே கெடுகிறது என்றால், வயது வந்தவர் நன்மை தீமை தெரிந்து அறுவைக்குப் போகட்டும். அந்த முடிவு கைக்கு உரியவருடையது. கல்யாணக் கவலைப்படும் பெற்றோருடையது அல்ல.

என் மகளுக்குப் பூச்சு எரிச்சல் தந்தது; மின்சார வைத்தியம் ஒத்துக்கொண்டது. கை முழுக்க உலர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்டுத் தேர்வைக் கைக்குட்டை இல்லாமல் எழுதினாள். வீணைக்குப் புதுத் தந்தி போட்டிருக்கிறோம்.

நம் சங்கக் குடும்பங்களிலும் கையை மறைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் இருப்பார்கள். என்னைப் போல் முப்பது ஆண்டுகள் மறைக்க விடாதீர்கள். முதலில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.