அச்சம் அரசாளுமா?

ஓர் உலகையே பொடியாக்கவல்ல படைக்கலம் ஒன்றிருந்தால், அதற்கு அஞ்சியே போர்கள் ஒழிந்துவிடும் என வாதிடுவோர் உளர். மேலைநாட்டார் புனைந்த அறிவியல் கதைகளே இவ்வாதத்தைப் பொய்யாக்குகின்றன என்போம் நாம்.

1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தைக் காண்க. கிளர்ச்சியாளரின் மறைவிடத்தைச் சொல்லாவிடில் ஆல்டெரான் என்னும் கோளை அழிப்பதாக ஆளுநன் டார்க்கின் மிரட்டுகிறான். இளவரசி லேயா ஓரிடத்தைக் கூறுகிறாள். அது மெய்யா பொய்யா என ஆராயுமுன்னரே கோள் தகர்க்கப்படுகிறது. பணிந்தவர்க்கும் அழிவே என்றானபின் எவர்தாம் பணிவர்?

1964இல் வந்த ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ படத்திலோ, உலகை அழிக்கும் பொறியைச் சோவியத் நாடு அமைத்துவிட்டு, அதனை அறிவியாது வைத்திருக்கிறது. அறியாத பொருளுக்கு அஞ்சுவார் யார்?

அச்சத்தை நம்பி ஆண்டவன் கதை நமக்குப் புதிதன்று. ஃபிர்அவ்ன் ஆண்மகவுகளைக் கொன்று குவித்தான். மூஸா (அலை) அவர்களோ அவன் மாளிகையிலேயே வளர்ந்தார்கள்.

போரிலும் பெண்டிரையும் சிறாரையும் கொல்லலாகாதெனத் தடுத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். குற்றவாளியையும் தொட்டிற் குழந்தையையும் ஒருங்கே எரிக்கும் கருவியைக் ‘காவல்’ எனப் போற்ற நம் நா எழலாமா?