நிலத்தின் கீழ் ஒரு பாதை

பல்லடத்தில் இரயில் நிலையம் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நம் ஊர் அமைந்திருப்பினும், இருப்புப்பாதை நம்மை விட்டு வடக்கே ஒதுங்கித் திருப்பூர் வழியாகச் சென்றுவிட்டது. இரயிலேற விரும்புவோர் முதலில் பேருந்தேறித் திருப்பூருக்குச் செல்லுதல் வேண்டும். காலை எட்டரை மணிக்கு அப்பேருந்தின் படியில் ஒரு கால் வைக்க இடம் கிடைத்தவன் பேறு பெற்றவன். ஆதலின், ஊருக்கு அடியிலேயே நிலத்தைக் குடைந்து, ஐந்து நிமிடத்திற்கும் பத்து நிமிடத்திற்கும் ஒரு வண்டி விடும் மாநகரங்களைப் பற்றிக் கேள்வியுறும்பொழுது நமக்கு வியப்பும், அதனோடு சிறிது பொறாமையும் தோன்றுதல் இயல்பே.

ஆனால், அம்மாநகரத்து மக்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் பெருமையோடு பேச்சைத் தொடங்குவதில்லை, குறையோடுதான் தொடங்குவர். கூட்டம் என்பர், புழுக்கம் என்பர், படியேறிக் கால் ஓய்ந்தது என்பர். 'அப்படியாயின் அந்த இரயிலை மூடிவிடலாமா?' என்று கேட்டால் மட்டும் சினந்து எழுவர். வைதுகொண்டே விரும்புகின்ற ஒரு பொருள் அது. அவ்வசையும் விருப்பமும் ஆகிய இரண்டுமே நேர்மையானவை என்பது என் கருத்து.

உலகின் முதல் நிலத்தடி இரயில் இலண்டன் மாநகரில் 1863ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஓடத் தொடங்கிற்று. குதிரை வண்டிகளால் தெருக்கள் அடைபட்டு நின்ற காலம் அது. மண்ணுக்கு அடியில் வழி அமைப்பதே தக்கது என்று சார்லசு பியர்சன் என்னும் வழக்கறிஞர் பல ஆண்டுகள் வற்புறுத்தி வந்தார். நகைத்தவர் பலர். இறுதியில் பாதை முடிந்தது. ஆனால் அது திறக்கப்படுவதற்குச் சில திங்கள் முன்னரே, 1862ஆம் ஆண்டில், அவர் காலமானார். அந்நாளில் மின்சார வண்டி ஏது? சுரங்கத்தினுள் நீராவி எஞ்சின்களே புகையைக் கக்கிக்கொண்டு ஓடின. பயணிகள் இருமிக்கொண்டே சென்றனர், ஆயினும் சென்றனர். 1890இல் ஆழ்ந்த சுரங்கத்தில் மின்சார இரயில் வந்த பின்னரே புகையின் தொல்லை குறையலாயிற்று.

புகை போயிற்று, வெப்பம் வந்தது. இலண்டனின் அடியில் இருப்பது களிமண். தொடக்கத்தில் அம்மண் குளிர்ந்திருந்தமையால், கோடைக் காலத்தில் இளைப்பாறச் சுரங்க இரயிலுக்கு வாருங்கள் என்று விளம்பரம் செய்தனராம். நூறாண்டுக்கும் மேலாக ஓடிய வண்டிகளின் வெப்பத்தை அக்களிமண் மெல்ல மெல்ல உண்டு சேமித்து வைத்துக்கொண்டது. இன்று அது வெளியே விடுவதெல்லாம் அனலே. குளிரூட்டும் பொறியை வைக்கலாமே எனின், பழைய சுரங்கங்கள் வண்டியின் உடலை உரசுமளவு குறுகியவை. வண்டிக்குள்ளிருந்து நீக்கிய வெப்பம் போவதற்கு வழியில்லை. முன்னோர் தம் தேவைக்கு அளந்து வெட்டிய குழியினுள் பின்னோர் தம் தேவையைத் திணிக்கும் இடர்ப்பாடு இது. பல நிலையங்களில் படியேறாமல் இன்றும் மேலே வர இயலாது. முதியோரும் கைக்குழந்தையோடு வரும் தாய்மாரும் படும் பாட்டை 1863ஆம் ஆண்டுப் பொறியாளர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆயினும் 1940இல் வானிலிருந்து குண்டு மாரி பொழிந்தபோது, இரவுதோறும் ஆயிரமாயிரம் மக்கள் படுத்துறங்கி உயிர் காத்துக்கொண்டது அந்நிலையங்களின் நடைமேடைகளிலேதான்.

நம் நாட்டிற்கு வருவோம். இந்தியாவின் முதல் நிலத்தடி இரயிலைப் பெற்ற நகரம், இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா. அந்நகரின் பரப்பில் சாலைகளுக்கென அமைந்த இடம் நூற்றுக்கு நான்கு பங்கு அளவே. டிராம் வண்டியும், பேருந்தும், கைரிக்சாவும், நடப்போரும் அச்சிறு இடத்திலேயே முட்டி மோதினர். சாலையை அகலமாக்க இடமில்லை. எனவே, நிலத்தடியில் வழி காண வேண்டும் என்று முதலமைச்சர் பிதான் சந்திர ராய் 1949ஆம் ஆண்டிலேயே கருதினார். கருத்து செயலாவதற்கு நெடுங்காலம் சென்றது. 1972ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார்.

அதன்பின் நிகழ்ந்தவற்றைச் சற்று விரிவாகவே காணுதல் வேண்டும். கங்கை கொணர்ந்து சேர்த்த வண்டல் மண்ணும் களிமண்ணுமே கல்கத்தாவின் அடித்தளம். பாறையைக் குடைவது கடினம் என்று நாம் எண்ணுகிறோம். சேற்றைக் குடைவது அதனினும் கடினம். பாறை நிற்கும், சேறு சரியும். ஆகவே பெரும்பகுதி வழியில், சாலையை மேலிருந்து திறந்து, இருபுறமும் நிலத்தினுள் கான்கிரீட்டுச் சுவர் இறக்கி, நடுவிலுள்ள மண்ணை அள்ளி, பெட்டி போன்ற கூடு அமைத்து, மீண்டும் மேலே மூடினர். நகரின் தலைசிறந்த வீதிகளான சௌரங்கியும் சித்தரஞ்சன் நிழற்சாலையும் பிளந்து கிடந்தன. வெட்டும் இடமெல்லாம் பழைய கழிவுநீர்க் குழாய், குடிநீர்க் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி. அவற்றையெல்லாம் இடம் மாற்றிய பின்னரே ஓர் அடி முன்னேற இயலும். பணம் போதவில்லை, இரும்பும் சிமெண்டும் காலத்தில் வந்து சேரவில்லை, வழக்குமன்றத் தடைகள் வேறு. 1984ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் முதல் வண்டி ஓடியது. எசுப்பிளனேடு முதல் பவானிப்பூர் வரை 3.4 கிலோமீட்டர் தொலைவே! டம்டம் முதல் டாலிகஞ்சு வரை ஏறத்தாழ 16.5 கிலோமீட்டர்ப் பாதை முழுமையும் இணைந்தது 1995இல். அடிக்கல் நாட்டிய அன்று பள்ளியில் சேர்ந்த சிறுவன் அதற்குள் கல்லூரிப் படிப்பையே முடித்து, வேலையும் தேடத் தொடங்கியிருப்பான்.

இந்த இருபத்து மூன்று ஆண்டுகளின் இழப்பை யார் தாங்கினர்? சாலையோரத்தில் கடை வைத்திருந்த வணிகர் தாங்கினர். வாயிலுக்கு முன்னே பள்ளம் கிடக்க, வாடிக்கையாளர் வாராது போயினர். மழைக்காலத்தில் சேற்றைத் தாண்டிப் பள்ளிக்குச் சென்ற குழந்தைகள் தாங்கினர். அவர்களுள் ஒருவர், 'எனக்கு இந்த இரயில் வேண்டியதில்லை' என்று கூறியிருப்பின், அவரை முன்னேற்றத்தின் பகைவர் என்று தூற்றுதல் முறையாகுமா?

நம் பக்கத்து உவமை ஒன்று கூறுகின்றேன். பி. ஏ. பி. வாய்க்கால் என்று நம் உழவர் வழங்கும் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தின் நீரும் சுரங்கவழி வருவதே. பரம்பிக்குளத்திலிருந்து தூணக்கடவுக்கும், அங்கிருந்து சர்க்கார்பதிக்கும், ஆனைமலைத் தொடரின் வயிற்றைக் குடைந்த வழியாக நீர் பாய்கின்றது. பின்னர்த் திருமூர்த்தி அணையை அடைந்து, முறைவைத்துப் பல்லடம் பகுதி நிலங்களுக்கும் வந்து சேர்கின்றது. 1961இல் பிரதமர் நேரு தொடங்கிவைத்த அத்திட்டத்தின் பயனை நாம் இன்றும் நுகர்கின்றோம். ஆனால், மலையின்மேல் கடைவீதி இல்லை. நகரத்தைக் குடைவதில் உள்ள சிக்கல் இதுவே. அங்கே ஒவ்வொரு முழ நிலத்தின் மேலும் ஒருவருடைய பிழைப்பு இருக்கின்றது.

இனி, கல்கத்தா பெற்றது யாது? நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அரைமணிப் பொழுதில் செல்லும் வசதி. மழை பெய்து வீதிகளில் நீர் தேங்கும் நாளில் அதன் அருமை நன்கு விளங்கும். முதல் வண்டி ஓடிய காலத்தில் குறைந்த கட்டணம் ஒரு ரூபாய். 2019ஆம் ஆண்டில் கட்டணத்தை மாற்றியமைத்தபோதும் குறைந்த கட்டணம் ஐந்து ரூபாயாகவே வைக்கப்பெற்றது. அலுவலரும் காய்கறி விற்கும் பெண்மணியும் ஒரே பெட்டியில், ஒரே கம்பியைப் பிடித்து நிற்கின்றனர். இரவீந்திர சதன் என்னும் நிலையத்தின் சுவர்களில் கவிஞர் தாகூரின் கையெழுத்துப் படிகளையே பெரிதாக்கிப் பதித்துள்ளனர். வண்டிக்குக் காத்திருப்போர் அடித்துத் திருத்திய வரிகளையும் காணலாம். தம் மொழியின் கவிஞரை மண்ணுக்கு அடியிலும் மறவாத அம்மக்களை எனக்கு மிகவும் பிடிக்கின்றது. மேலே உள்ள வீதியில் எச்சில் துப்புகின்றவனும் கீழே இறங்கியதும் அடங்கி நடக்கின்றான் என்று அந்நகரத்தார் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. இந்த அடக்கம் படியேறி மேலே வரும்பொழுது எங்கே போய்விடுகின்றது என்பது வேறு கேள்வி.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. குளிரூட்டப்படாத பழைய பெட்டிகள் 2021ஆம் ஆண்டு அக்டோபர் வரை ஓடின. அலுவலக வேளையின் நெரிசலில், அந்தப் பெட்டிகளில் வங்காளத்துப் புழுக்கத்தையும் மின்விசிறியின் இரைச்சலையும் சேர்த்தே மக்கள் பொறுத்துக்கொண்டனர். 'பழையது, அப்படித்தான் இருக்கும்' என்று கூறிவிட்டு ஒதுங்குவோரை நான் ஏற்பதில்லை. பழைய வீட்டில் வாழ்வோர் ஆண்டுதோறும் ஓடு மாற்றுகின்றனர் அல்லரோ? பழைமை பாராட்டுக்கு உரியது. பராமரியாமை பாராட்டுக்கு உரியதன்று. பயணிகள் முறையிடுவதனால்தான் பெட்டிகள் மாறுகின்றன. அம்முறையீட்டை நன்றியின்மை என்று கருதுதல் தவறு.

2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அந்நகரத்தின் மற்றொரு வழி ஊக்ளி ஆற்றின் அடியிலேயே திறக்கப்பெற்றது. ஏறத்தாழ 520 மீட்டர் அகலமுள்ள ஆற்றை வண்டி நாற்பத்தைந்து விநாடியில் கடந்துவிடுகின்றது. இதனைச் செய்தித்தாள்கள் மகிழ்ந்து எழுதின. ஆனால் அதே வழிக்குச் சுரங்கம் தோண்டியபோது, 2019ஆம் ஆண்டில் பௌபசார் என்னும் நெருங்கிய குடியிருப்பில் மண் உள்வாங்கியது, வீடுகள் வெடித்தன, சில இடிந்தன. நூற்றுக்கணக்கானோர் உடுத்த உடையோடு வெளியேறினர். 2022இலும் அங்கே வீடுகளில் விரிசல் கண்டது. நாற்பத்தைந்து விநாடியைக் கொண்டாடும் நாம் அந்தக் குடும்பங்களையும் அதே கணக்கில் எழுதுதல் வேண்டும்.

இஃது எங்கோ நடப்பது என்று நாம் இருந்துவிட இயலாது. சென்னையில் 2017 முதல் நிலத்தடியில் மெட்ரோ இரயில் ஓடுகின்றது. கோயம்புத்தூருக்கும் அவிநாசிச் சாலை, சத்தியமங்கலம் சாலை ஆகிய இரு வழிகளில் மெட்ரோ இரயில் வேண்டுமெனத் தமிழக அரசு வகுத்த திட்டத்தை, 2025ஆம் ஆண்டு நவம்பரில் நடுவண் அரசு திருப்பி அனுப்பியது. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி நகரின் மக்கள்தொகை இருபது இலட்சத்தை எட்டவில்லை என்பது காட்டப்பெற்ற காரணங்களுள் ஒன்று. அத்திட்டம் தூண்களின்மேல் வண்டி ஓடுமாறு வகுக்கப்பட்டது. தூணுக்கும் குழி வேண்டும். குழிக்கு அருகே கடைகள் இருக்கும்.

அத்திட்டம் மீண்டும் எழும் என்றே நான் நம்புகின்றேன். எழவேண்டும் என்று விரும்பவும் செய்கின்றேன். அப்பொழுது நிலையங்களின் படத்தையும் வண்டியின் வேகத்தையும் காட்டும் ஏடுகள் பல வரும். பள்ளம் தோண்டப்படும் ஆண்டுகளில் அச்சாலையின் தையற்கடைக்காரர்க்கும் தேநீர்க் கடைக்காரர்க்கும் திங்கள்தோறும் என்ன கொடுக்கப்படும் என்பதை எழுதிய பக்கம் அவ்வேடுகளுள் எங்கே இருக்கின்றது என்றே நான் முதலில் தேடுவேன்.